ஓரத்தானும் வழுக்கையனும்

மே 6, செவ்வாய்

என் போன் இன்று ரசத்தில் விழுந்தது.

சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் குனியாதீர்கள் என்று என் மனைவி அழகுராணி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஆயிரத்தோராவது தடவை சொல்ல அவளுக்கு வாய்ப்புக் கொடுத்தேன். கரண்டியால் துழாவி எடுத்து, துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டு, "வழக்கமா நான் கொத்தமல்லிதான் போடுவேன்" என்றாள்.

போன் சாகவில்லை. குரல்தான் போய்விட்டது, சளி பிடித்த ஆள் மாதிரி கரகரவென்று பேசுகிறது. மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். எனக்கும் அழகுராணிக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. வெளிச்சம் நிழல் என்று சொல்வார்களே, அதுவும் கிடையாது. இந்த நாட்குறிப்பைப் பிரெயிலில் குத்திவிடுகிறேன், ஆனால் திரையில் இருப்பதைப் போன் வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு அது போன். கேமராவைக் காகிதத்தின் மேல் காட்டினால் அச்செழுத்தையும் படிக்கும். இந்தப் போனின் கேமராக் கண்ணாடியில் போன வருடமே கீறல் விழுந்துவிட்டதால் சுவரொட்டியைப் படிக்கும், மாத்திரை அட்டையைக் காட்டினால் உளறும். அழகுராணிக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் அரசு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர், பட்டன் போனைத் தவிர எதையும் நம்ப மாட்டாள். நான் அருப்புக்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன்.

மற்றபடி இன்று ஒரு செய்தி. எங்கள் மகள் குயிலிக்குத் திருச்சி விளையாட்டு விடுதியில் வாலிபாலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பி.டி. டீச்சர் ஸ்டெல்லா வீட்டுக்கே வந்து சொன்னார். இருபத்து மூன்றாம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். குயிலி, "நான் போகல டீச்சர்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

புதுப் போன் வாங்க வேண்டும். பள்ளி திறந்தால் ஆசிரியர் வருகைப்பதிவெல்லாம் போனில்தான்.

மே 7, புதன்

அழகுராணியின் தீர்ப்பு: இருபதாயிரம். அதற்கு மேல் ஒரு பைசா போனாலும் அந்தப் போனோடேயே நான் குடித்தனம் நடத்திக்கொள்ளலாமாம்.

மே 8, வியாழன்

இன்று குயிலி எங்களுக்குப் படித்துச் சொன்னவை: கரண்ட் பில், அழகுராணியின் தைராய்டு மாத்திரை, பால் பாக்கெட்டின் தேதி, கூரியர்காரர் கொண்டுவந்த கவர் யாருக்கு என்பது (பக்கத்து வீட்டுக்கு), ரேஷன் கடைச் சீட்டு, பருப்பில் வண்டு இருக்கிறதா என்பது. கடைசியாகச் சொன்னது படிப்பதில் சேராது, ஆனாலும் கண் வேலைதான்.

அவள் முணுமுணுப்பதே இல்லை. பந்து விளையாடப் புறப்பட்டு வாசலில் செருப்பு மாட்டியபின் கூப்பிட்டாலும் திரும்பி வருகிறாள். இன்று அப்படி வந்தாள்.

மே 10, சனி

குயிலியும் நானும் பஜாரில் இருக்கும் பெரிய போன் கடைக்குப் போனோம். ஏ.சி. நன்றாக இருந்தது. விற்பனைப் பெண் சங்கரேஸ்வரி முதலில் என்னிடம் பேசவே இல்லை.

"பாப்பா, அப்பாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு கேளு."

"நீங்களே கேளுங்கக்கா. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றாள் குயிலி.

எனக்கு வாயெல்லாம் பல். "எதுவா இருந்தாலும் சரி, கருப்பு மட்டும் வேண்டாம். பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சு" என்றேன். சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்துச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் என்னிடமே சொன்னார். நல்ல பெண்.

இருபதாயிரத்துக்குள் தேறியவை இரண்டு. இரண்டுக்கும் வாயில் நுழையாத பெயர், பின்னால் ஓர் எண் வேறு. நான் வைத்த பெயர்களே போதும்.

முதலாவது ஓரத்தான். விரல் ரேகை வைக்கும் இடம் பக்கவாட்டு ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளமாக இருக்கிறது. கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாக அங்கே போய் உட்காருகிறது. காதில் மாட்டும் வயருக்குத் துளை உண்டு. ஆசிரியர் அறையில் என் பேங்க் பேலன்ஸ் ஊருக்கெல்லாம் கேட்காது. பதினெட்டாயிரத்து ஐந்நூறு.

இரண்டாவது வழுக்கையன். மழுமழுவென்று ஒரே கண்ணாடி. விரல் வைக்கும் இடம் அந்தக் கண்ணாடிக்கு அடியில் எங்கேயோ இருக்கிறதாம், அங்கே ஒரு வட்டம் தெரியுமாம். தெரியுமாம்! காதுத் துளையும் இல்லை. பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அந்த ஒரு ரூபாயை விட்டுக்கொடுத்துத்தான் நம்மைக் கவிழ்க்கிறார்கள்.

கையைக் கேட்டால் ஓரத்தான் என்றது. முடித்துவிடலாம் என்று இருந்தேன். புறப்படும் முன், சும்மா ஒரு சோதனைக்கு, சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து இரண்டிடமும் காட்டினேன். ஓரத்தான் பெயரை மட்டும் படித்துவிட்டு, தேதியை 'அக ஓ இ' என்று என்னமோ சொன்னான். வழுக்கையன் பெயர், விலை, கம்பெனி முகவரி, தேதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பது வரைக்கும் ஒப்பித்துவிட்டான்.

"இது சூப்பரா படிக்குதே சார்" என்றார் சங்கரேஸ்வரி.

குயிலி ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதையாவது பாராட்டாமல் இருந்து நான் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

கணக்கு வாத்தியார் பால்பாண்டியனிடம் போனில் யோசனை கேட்டேன். "கேமரா உங்களுக்கு எதுக்கு சார்? அதுக்குப்போய் ஆயிரத்தைநூறு தெண்டம் அழுவாங்களா? பேசாம ஓரத்தானை வாங்குங்க" என்றார். கணக்கு வாத்தியாரிடம் வேறு எதைக் கேட்க முடியும்? அவர் சொல்வதும் நியாயம்தான். படிப்பதற்குத்தான் வீட்டில் ஆள் இருக்கிறதே.

மே 13, செவ்வாய்

குயிலி குளிக்கும்போது அழகுராணி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நேற்று சமையல்கட்டில் தாயும் மகளும் பேசினார்களாம்.

"ஸ்டெல்லா டீச்சர் சொல்றாகல்ல, ஏன்டி போக மாட்டேங்குற?"

"நான் போயிட்டா உன் மாத்திரையை யாரும்மா பாப்பா? அப்பா உனக்குத் தலைவலி மாத்திரையைக் குடுத்துருவாரு."

நான் அப்படி ஒரே ஒரு தடவைதான் கொடுத்தேன். அதை வைத்துக் காலம் முழுக்கப் பேசுகிறார்கள்.

வழுக்கையனைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்தால் என்ன என்று தோன்றுகிறது. தள்ளுபடி ஏதாவது இருக்கும்.

மே 15, வியாழன்

வழுக்கையனை வாங்கிவிட்டேன். தள்ளுபடி இல்லை, ஒரு பிளாஸ்டிக் உறை இலவசம்.

பிள்ளை ஊரில் இல்லை. சிவகாசியில் போட்டி, அழகுராணியின் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். அவள் வருவதற்குள் பழகிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போய் கடையில் விட்டார். விரல் வைக்கும் இடத்துக்குச் சங்கரேஸ்வரியே ஒரு வழி சொன்னார். வட்டத்துக்குச் சரியாகக் கீழே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டார். பொட்டைத் தடவி, அதற்கு மேலே விரலை வைத்தால் திறந்துகொள்கிறது. வழுக்கையன் இப்போது சுமங்கலி.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அழகுராணியை உட்காரவைத்து, அலமாரியிலிருந்த மாத்திரைகளை எல்லாம் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"எழுத்து எதுவும் இல்லை."

திருப்பிக் காட்டினேன். எழுத்து எதுவும் இல்லை. தூக்கிக் காட்டினேன், சாய்த்துக் காட்டினேன், கரண்ட் பில்லைக் காட்டினேன், காலண்டரைக் காட்டினேன். எழுத்து எதுவும் இல்லை. கடையில் கம்பெனி முகவரி வரைக்கும் ஒப்பித்த பயல்!

அழகுராணி எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 16, வெள்ளி

காலையில் எழுந்ததும் ஒரு நப்பாசையில் காலண்டரைக் காட்டினேன். தேதி, கிழமை, ராகுகாலம், அன்றைய பொன்மொழி எல்லாம் படித்தான். மாத்திரை அட்டை படித்தான். பக்கத்து வீட்டில் செய்தித்தாள் வாங்கிவந்து காட்டினேன், இரங்கல் விளம்பரம்கூடப் படித்தான். பகலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

ஏழு மணிக்கு மறுபடியும்: எழுத்து எதுவும் இல்லை.

பேட்டரி களைத்துப்போகிறதோ என்று நினைத்து முழுக்கச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன். சூடாகிறதோ என்று ஃபேனுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். அழகுராணிதான் நோயைக் கண்டுபிடித்தாள்.

"உங்க போனுக்கு மாலைக்கண்ணுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தைராய்டு மாத்திரை காலையில்தான், ஆனால் கொழுப்பு மாத்திரை இரவில். இரவில் படிக்காத போனைக் காட்டி அந்தப் பிள்ளையை எப்படி அனுப்புவது? இருபத்து மூன்றாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். எழுதிவிட்டேன். எழுதிவிட்டதால் அழிக்கவில்லை. ஆமாம், அதற்குத்தான் வாங்கினேன். வருகைப்பதிவுக்கு ஓரத்தானே போதும்.

மே 17, சனி

கடைக்குப் போனேன், சண்டை போடும் உத்தேசத்தோடு. உறை, பெட்டி, பில் எல்லாம் பையில். இதை எடுத்துக்கொண்டு ஓரத்தானைக் கொடுங்கள், சாயங்காலத்துக்கு மேல் இது வேலை செய்வதில்லை என்று சத்தமாகவே சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

சங்கரேஸ்வரி வாங்கிப் பார்த்தார். அங்கே ஒழுங்காகப் படித்தது. எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"சார், வீட்ல எங்க வச்சுப் படிச்சுப் பாத்தீக?"

"ஹால்ல, மேஜை மேல."

"ட்யூப்லைட்டு எந்தப் பக்கம் இருக்கு? நிழல் விழுந்தாலும் இப்படி ஆகும் சார்."

நான் பெட்டியையும் பில்லையும் மெதுவாகப் பைக்குள் திருப்பி வைத்தேன்.

கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன். தெரியாதது அல்ல, நினைவுக்கு வராதது. எங்கள் வீட்டில் சுவிட்சைப் போடுவது குயிலி. அவள் ஊரில் இல்லை. இரண்டு நாளாக நானும் அழகுராணியும் கும்மிருட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேமராவைத் திட்டியிருக்கிறோம்.

விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம். சங்கரேஸ்வரி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "மன்னிச்சுக்கோங்க சார்" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

வீட்டுக்கு வந்து சொன்னதும் அழகுராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊர்ல அத்தனை பேரும் என்ன நினைச்சிருப்பாக? வாத்தியார் வீட்ல கரண்ட கட் பண்ணிட்டாகன்னு நினைச்சிருப்பாக." ஏழு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். வழுக்கையன் கொழுப்பு மாத்திரையை அடி முதல் நுனி வரை படித்தான்.

மே 18, ஞாயிறு

குயிலி வந்தாள். இரண்டாம் பரிசு. முழங்கையில் சிராய்ப்பு. சிவகாசிப் பெரியம்மா கொடுத்ததாக முறுக்கு. போனைக் காட்டினேன். "நல்லாருக்குப்பா" என்றாள். பொட்டைப் பார்த்து மட்டும் சிரித்தாள்.

மே 19, திங்கள்

சாயங்காலம் குயிலியே பரீட்சை வைத்தாள். நான் மேஜைக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவர் அழகுராணி. லைட் போட்டாயிற்று.

பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். படித்தான். கேஸ் பில்லை நீட்டினாள். படித்தான். பள்ளிக்கூடத்து அடையாள அட்டையை நீட்டினாள். அவள் பெயர், வகுப்பு, ரத்தப் பிரிவு எல்லாம் வந்தது. "பரவால்லயே" என்றாள் ஒவ்வொரு தடவையும், கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

கடைசியாகத் தைராய்டு மாத்திரை அட்டை. வழுக்கையன் பெயரைச் சொன்னான், காலாவதித் தேதி அடுத்த வருடம் ஆகஸ்ட் என்றான்.

"தப்புப்பா" என்றாள் குயிலி.

"என்ன தப்பு?"

"போன வருசம் ஆகஸ்ட்டுப்பா. எப்பவோ முடிஞ்சுபோச்சு. போனு மாத்திச் சொல்லுது. பாத்தீங்களா, இதை நம்பிக் குடுத்தீங்கன்னா அம்மாவுக்கு என்னாகும்?"

எனக்கு உயிரே போய்விட்டது. இனி இந்தப் போனை மருந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதில்லை என்றும், அந்த அட்டையை அழகுராணி தொடக் கூடாது என்றும் சொன்னேன். குயிலி அட்டையை வாங்கி அலமாரியில் வைத்தாள். அதோடு பரீட்சை முடிந்தது. இருபதாயிரம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஸ்டெல்லா டீச்சருக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மே 20, செவ்வாய்

காலையில் அழகுராணி அந்த அட்டையிலிருந்தே மாத்திரை போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டு நான் கத்தினேன்.

"அதைப் போடாதன்னு சொன்னேன்ல! காலாவதியானது!"

"கத்தாதீங்க. போன வாரம் எங்க ஆஸ்பத்திரி மெடிக்கல்ல புதுசா வாங்குனது. போன வருசமே முடிஞ்சதை எவன் விப்பான்?"

அவள் டம்ளரை வைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டாள். நேற்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நடுவர் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

குயிலி மைதானத்துக்குப் போயிருந்தாள். நான் ஜன்னல் ஓரமாகப் போய் அட்டையைக் காட்டினேன். அடுத்த வருடம் ஆகஸ்ட். அதே நாளில் வாங்கிய இன்னோர் அட்டையைக் காட்டினேன். அடுத்த வருடம் ஆகஸ்ட்.

வழுக்கையன் பொய் சொல்லவில்லை.

இவ்வளவு வருடத்தில் குயிலி படித்ததை நான் சரிபார்த்ததே இல்லை. சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இன்று முதல் தடவையாகச் சரிபார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

மே 21, புதன்

நேற்று சாயங்காலம் நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று ராத்திரி எழுத முடியவில்லை.

மூன்று பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"தாயி, அந்த மாத்திரைல அடுத்த வருசம்னுதான போட்டிருக்கு?"

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

"போக இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லு. உன்னை யாரு பிடிச்சுத் தள்ளுறா? எதுக்குப் போன் மேல பழியப் போடுற?"

"இஷ்டமில்லன்னு யாரு சொன்னா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "எனக்குப் போகணும்ப்பா. ரொம்பப் போகணும். தூங்கும்போதுகூட அதான் நினைப்பு."

"அப்புறம் என்ன?"

"போகணும்னு ஆசையா இருக்குன்னு சொன்னா, உங்களை விட்டுட்டுப் போக ஆசைப்படுறேன்னு ஆயிரும்ல."

வகுப்பில் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவன் நான். அழகுராணிதான் பேசினாள்.

"ஆகட்டுமே. ஆசைப்படு. நல்லா ஆசைப்படு. கரண்ட் பில்லு படிக்கவாடி உன்னைப் பெத்தோம்? நீ பொறக்குறதுக்கு முன்னாடி நாங்க என்ன பட்டினியாவா கிடந்தோம்? உங்கப்பா குடுத்த தலைவலி மாத்திரையத் தின்னுட்டு நான் உயிரோடதான இருக்கேன்?"

குயிலி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பொய் சொன்னதுக்கு சாரிப்பா" என்றாள். மருந்து விஷயத்தில் இனி ஒருபோதும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். அப்பாவாக ஏதாவது கண்டிப்பாகச் சொல்ல வேண்டுமல்லவா? தலையைத் தடவிக் கொடுத்தேன். எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? உட்கார்ந்திருக்கும்போதே என் காது வரைக்கும் இருக்கிறாள்.

இன்று ஸ்டெல்லா டீச்சரிடம் சம்மதம் சொல்லிவிட்டோம்.

மே 28, புதன்

பெட்டி வாங்கினோம். அழகுராணி ஊறுகாய் போடுகிறாள், பருப்புப் பொடி இடிக்கிறாள். விடுதியில் சாப்பாடு போடுவார்கள் என்று சொன்னால் முறைக்கிறாள். முறைப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். தெரியும்.

ஜூன் 2, திங்கள்

திருச்சி போய் வந்தோம். பஸ்ஸில் குயிலி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள். மணப்பாறையில் முறுக்கு வாங்கினோம். விடுதி பெரிய மைதானத்தின் ஓரத்தில் இருக்கிறது. எங்கேயோ பந்து அடிக்கும் சத்தமும் பிள்ளைகள் கத்துவதும் வாசலிலேயே கேட்டது. குயிலி என் கையைப் பிடித்திருந்தாள். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவள் விரல்கள் துடித்தன.

வார்டன் அம்மா பெற்றோர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்ததும், "விதிமுறை எல்லாம் இதுல இருக்கு. நீ அப்பா அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிரு பாப்பா" என்றார்.

தாள் சரசரத்தது. குயிலி, "ஒண்ணு, காலை ஐந்து மணிக்கு..." என்று ஆரம்பித்தாள். நின்றாள். பிறகு தாளை என் கையில் வைத்தாள்.

"நீங்களே படிங்கப்பா."

வழுக்கையனை எடுத்தேன். காதுத் துளை இல்லாத பயல் அல்லவா, அத்தனை பெற்றோருக்கும் கேட்கும்படி படித்தான். ஐந்து மணிக்கு எழ வேண்டும். மாணவியர் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை மாலை விடுதி எண்ணில் பேசலாம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நேரில் வந்து பார்க்கலாம். பக்கத்தில் யாரோ ஓர் அம்மா, "அந்த ரெண்டாவது ஞாயிறுங்கிறதை இன்னொருக்கா படிக்கச் சொல்லுங்க சார்" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இன்னொரு தடவை படிக்கவைத்தேன்.

அழகுராணி பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். குயிலி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது, என்னுடையதும் அப்படித்தான். யாரோ விசில் ஊதினார்கள். "வரேன்ப்பா, வரேம்மா" என்று சொல்லிவிட்டு என் கையை விட்டாள்.

மண்ணில் காலடிச் சத்தம் எழுந்தது. தடதடவென்று, வேகமாக, எங்களைவிட்டு விலகி மைதானத்தின் பக்கம் போனது. குயிலி ஓடி நான் கேட்டதே இல்லை. எங்களோடு வரும்போது அவள் எப்போதும் எங்கள் நடைக்குத்தான் நடந்து வருவாள்.

அழகுராணி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க அது, இப்படி ஓடுறது?"

"நம்ம பிள்ளைதான்" என்றேன்.